ஊசியும் டம்ளரும்

எனக்கு ஊசி போடத் தெரியும். நான் டாக்டர் இல்லை, கம்பவுண்டரும் இல்லை. மூலனூருக்கு வெளியே ஒரு வளவில் பிறந்து, திருப்பூர் பனியன் கம்பெனிகளில் இருபத்திமூணு வருசம் ஓவர்லாக் மெஷின் ஓட்டினவன். 2011-ஆம் வருசம் நாலு மாசத்தில் என் தொடையிலும் வயிற்றிலும் என் கையாலேயே 64 தடவை ஊசி போட்டுக்கொண்டேன். அதைப் பற்றி எழுதணும் என்று பல தடவை உட்கார்ந்து, எழுதாமல் எழுந்திருக்கிறேன். நம்முடைய பக்கங்களில் அடிபட்டதை எழுதுகிறோம். வீடு எரிந்ததை எழுதுகிறோம். ஈரலுக்குள்ளே நடப்பதை எழுதுவதில்லை. அது சொந்த விசயம் என்று விட்டுவிடுகிறோம். எனக்கு வந்தது சொந்த விசயமாகத் தெரியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

2010 ஏப்ரல் 14. அண்ணல் அம்பேத்கர் பிறந்தநாளுக்கு மாலை போட்டுவிட்டுக் கலைந்து போனது போதும், இந்த வருசம் ரத்ததான முகாம் வைப்போம் என்று சொன்னவன் நான்தான். நோட்டீஸ் வாசகமும் நான் எழுதினதுதான். ரத்தத்தில் சாதி கிடையாது, எங்கள் ரத்தம் உங்கள் உடம்பில் ஓடும்போது உங்கள் தீட்டு எங்கே போகும் என்று கேட்டிருந்தேன். தாராபுரத்தில் முகாம். வளவுப் பையன்கள் சட்டையை மடித்துவிட்டு வரிசையில் நின்றார்கள். முதல் ஆளாகப் படுத்தது நான். போட்டோ எடுத்தார்கள்.

மூணு வாரம் கழித்து ரத்த வங்கியிலிருந்து போன் வந்தது. நேரில் வரச் சொன்னார்கள். கதவைச் சாத்திவிட்டு ஒரு அம்மா சொன்னார். "உங்க ரத்தத்தை யாருக்கும் ஏத்தலைங்க. அதுல ஹெபடைட்டிஸ் சி-ன்னு ஒரு கிருமி இருக்குது. இனிமே நீங்க ரத்தம் குடுக்க வேண்டாம். ஈரல் டாக்டரைப் பாருங்க."

மரியாதையாகத்தான் சொன்னார். எனக்குக் காதில் விழுந்தது ஒண்ணே ஒண்ணுதான். உன் ரத்தம் ஆகாது. முப்பத்தொன்பது வருசம் வேறு வேறு வாயால் கேட்ட சொல். இப்போ விஞ்ஞானமும் அதையே சொல்லுதா என்று பட்டது. பஸ் ஏறி மூலனூர் வந்து இறங்கும்வரை நான் எழுதின நோட்டீஸ் வாசகம்தான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

செய்தி எனக்கு முன்னாலேயே வளவுக்கு வந்துவிட்டது போல. ரத்த வங்கியில் கூப்பிட்டுப் பேசினார்கள் என்றால் எய்ட்ஸ்தான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நாலு நாள் கழித்து வீட்டில் காப்பி வாங்கினபோது கவனித்தேன். என் டம்ளர் வேறு. விளிம்புக்குக் கீழே ஆணியால் ஒரு கீறல். கழுவி வைத்ததும் அடுப்படியில் இல்லை, வாசல் திண்ணையில் தனியாகக் கவிழ்ந்து கிடந்தது.

என் மனைவியைக் கேட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "புள்ளைக்கு ஒட்டிக்குமோன்னு பயம் மாமா" என்றாள். அவளை நான் குற்றம் சொல்லவில்லை. பத்தாவது படிக்கிற பெண்பிள்ளையை வைத்திருக்கிற தாய்க்கு வருகிற பயம் அது. ஆனால் அந்தக் கீறலைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சுக்குள்ளே ஏதோ இறங்கியது. இரட்டைக் குவளையை எதிர்த்துத் துண்டறிக்கை கொடுத்துத் திரிந்தவன் வீட்டுக்குள்ளேயே ரெண்டாவது டம்ளர்.

அதைச் சரி பண்ணினது எங்கம்மா. அம்மா பேரூராட்சியில் துப்புரவு வேலை பார்த்தவர். ஒரு நாள் திண்ணையில் கிடந்த டம்ளரை எடுத்துப் பார்த்தார். கீறலைத் தடவிப் பார்த்தார். ஒண்ணும் சொல்லாமல் பானையில் தண்ணி மொண்டு அந்த டம்ளரிலேயே குடித்தார். "உங்கய்யன் சாகற வரைக்கும் டீக்கடையில கொட்டாங்குச்சியில குடிச்சவரு. எம் மவன் எவ்வீட்டுல அப்பிடிக் குடிக்க வேண்டாம்" என்றார். அம்மாவுக்கு வைரஸ் தெரியாது. பின்னால் டாக்டர் சொன்னார், அம்மா செய்தது மருத்துவப்படியும் சரி என்று. இந்தக் கிருமி எச்சிலில் பரவாது, சேர்ந்து சாப்பிடுவதில் பரவாது, தொடுவதில் பரவாது. ரத்தத்திலிருந்து ரத்தத்துக்குத்தான் போகும். "டம்ளரைப் பிரிக்காதீங்க, சவரக் கத்தியையும் நகவெட்டியையும் பிரிங்க" என்றார். மனைவிக்கும் மகளுக்கும் சோதித்துப் பார்த்தோம். ரெண்டு பேருக்கும் இல்லை.

கோயமுத்தூரில் அந்த டாக்டர் முதல் நாள் கேட்ட கேள்விகளை வரிசையாகச் சொல்ல வேண்டும். பச்சை குத்தியிருக்கா? ஆபரேசன் நடந்திருக்கா? ரத்தம் ஏத்தியிருக்கா? சின்ன வயசில் ஊசி நிறைய போட்டிருக்கா? அவர் கேட்டது வியாதிக்காக. எனக்கு அது என் வாழ்க்கை வரலாற்றைக் கேட்ட மாதிரி இருந்தது.

எழுபதுகளின் கடைசியில் எங்க பக்கம் ஒரு ஊசிக்காரர் சைக்கிளில் வருவார். படித்த டாக்டர்தானா என்று யாருக்கும் தெரியாது. அலுமினியப் பெட்டிக்குள் கண்ணாடி ஊசி, ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ். காலையில் ஒரு தரம் கொதிக்க வைப்பார். முதலில் ஊருக்குள். திண்ணையில் உட்கார வைத்து ஒவ்வொருத்தருக்காகப் போடுவார். ஊர் முடிந்த பிறகு வளவு. எங்களுக்குத் திண்ணை கிடையாது, புளிய மரத்தடிதான். எங்க உடம்பில் அவர் கைபடாது. துணியை விலக்கிப் பிடிக்கச் சொல்லிவிட்டு எட்டி நின்று குத்துவார். மாத்திரையை மேலேயிருந்து போடுவார், நாங்கள் ரெண்டு கையையும் ஏந்திப் பிடிப்போம். ஆனால் ஊசி அதே ஊசி. காலையில் கொதிக்க வைத்தது, ஊர் முழுக்கப் போய் வந்தது, எங்களுக்கு வரும்போது நடுவில் எத்தனை தரம் கழுவினார் என்று கேட்கிற வாய் எங்களுக்கு இல்லை.

1994-இல் காங்கேயம் பக்கத்தில் கம்பெனி வேன் கவிழ்ந்து எனக்குத் தொடை எலும்பு உடைந்தது. ரெண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். காசு கொடுத்து வாங்கின ரத்தம். அந்தக் காலத்தில் ரத்தம் விற்றுப் பிழைக்கிறவர்கள் பெரிய ஆஸ்பத்திரிகளின் வாசலில் இருந்தார்கள். ஹெபடைட்டிஸ் சி கிருமியை அடையாளம் கண்டது 1989-இல். காசுக்கு ரத்தம் எடுப்பதை நிறுத்தச் சொல்லி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 1996 ஜனவரியில். அது நடைமுறைக்கு வந்தது 1998-இல். தானமாக வரும் ரத்தத்தில் இந்தக் கிருமி இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்கணும் என்று இந்தியாவில் விதி வந்தது 2001-இல். நான் 1994-இல் அடிபட்டேன். ரத்தம் விற்றவன் மேல் எனக்குக் கோபம் கிடையாது. அவனும் எங்களைப் போல ஒருத்தனாகத்தான் இருந்திருப்பான்.

எந்த ஊசியிலிருந்து வந்தது என்று டாக்டராலும் சொல்ல முடியாது என்றார். சைக்கிள்காரர் ஊசியாக இருக்கலாம், பாட்டிலாக இருக்கலாம். இருபது முப்பது வருசம் சத்தம் போடாமல் ஈரலுக்குள் உட்கார்ந்திருக்கும் கிருமி அது. ஆனால் ஒண்ணை யோசித்துப் பாருங்கள் தோழர்களே. டீக்கடையில் எங்க உதடு பட்ட டம்ளரைப் பிரித்து வைத்தார்கள். அதில் இந்த நோய் பரவாது. அவர்கள் ரத்தம் பட்ட ஊசியை எங்க உடம்பில் இறக்கினார்கள். அதில் பரவும். பரவாத இடத்தில் காவல் போட்ட சாதிக்கு, பரவுகிற இடத்தில் காவல் போடத் தோன்றவில்லை. அவர்கள் ரத்தம் எங்க ரத்தத்தில் கலந்தால் அது தீட்டுக் கணக்கில் வராது.

இது மூலனூரில் மட்டும் நடந்ததில்லை. எகிப்தில் நைல் நதிக்கரைக் கிராமங்களில், தண்ணீர் வழியாக உடம்பில் ஏறும் ஒரு புழு நோய்க்காக அரசாங்கமே விவசாயிகளுக்கு ஊசி போட்டது. 1950களிலிருந்து 80கள்வரை, கண்ணாடி ஊசிகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தி. புழு குறைந்தது, ஹெபடைட்டிஸ் சி பரவியது. உலகத்திலேயே இந்த நோய் அதிகமான நாடுகளில் ஒன்றாக எகிப்து ஆனது இப்படித்தான். 2009-இல் குஜராத்தில் மோடாசா என்ற ஊரில், போட்ட ஊசிகளையே திரும்பப் போட்டதால் ஹெபடைட்டிஸ் பி பரவிப் பலர் செத்தார்கள். ஊசி சுத்தமானதா என்று கேட்க முடியாதவன் உடம்பில்தான் அசுத்தமான ஊசி ஏறுகிறது.

எனக்கு இருந்தது மூணாவது வகைக் கிருமி. 24 வாரம் வைத்தியம். வாரத்துக்கு ஒரு இன்டர்பெரான் ஊசி, தினமும் ரிபாவிரின் மாத்திரை. எல்லாம் சேர்த்து ரெண்டு லட்சத்துக்கு மேல். கம்பெனியில் பீஸ் ரேட்டு வேலை, என் பேர் எந்த இ.எஸ்.ஐ. ஏட்டிலும் கிடையாது. சீட்டு எடுத்தது, மனைவியின் தோடு, தோழர்கள் நூறும் ஐநூறுமாகச் சேர்த்துக் கொடுத்தது, மிச்சம் வட்டிக்கு. இதற்கே ஏழெட்டு மாசம் ஓடிவிட்டது. 2011 பிப்ரவரியில் ஆரம்பித்தேன். அதற்குச் சில நாள் முன்னால்தான், ஜனவரி 28-ஆம் தேதி, நொய்யல் மாசுக்காகச் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவு போட்டது. துணி சாயத்துக்குப் போனால்தானே தையலுக்கு வரும்? வாரத்தில் மூணு நாள் வேலை, ரெண்டு நாள் வேலை என்று சுருங்கியது. ஆத்தைக் காப்பாத்த வேண்டியதுதான். நொய்யலைக் கெடுத்தவன் வேறு, வேலை போனவன் வேறு.

இன்டர்பெரான் போட்ட அன்னைக்கு ராத்திரி குளிர் ஜுரம் வரும். பல் கிட்டும். முடி கொட்டியது. காரணமில்லாமல் அழுகை வரும். இதெல்லாம் வரும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார், தாங்கிக்கொண்டேன். ஆறாவது வாரத்துக்கு மேல் வேறொன்று ஆரம்பித்தது. மூச்சு வாங்கியது. காதுக்குள் தன் துடிப்பே கேட்டது. ஏப்ரல் 13 சட்டமன்றத் தேர்தல். ஓட்டுப் போட வளவிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு நடக்கையில் மூணு இடத்தில் உட்கார்ந்தேன். மறுநாள் அண்ணல் சிலைக்கு மாலை போட என்னால் போக முடியவில்லை. ரத்தம் பார்த்தார்கள். ஆரம்பத்தில் 14 இருந்த ஹீமோகுளோபின் 8.8.

எங்க ஊர் முருங்கைக்குப் பேர்போன ஊர். மூலனூர் முருங்கை என்றால் வெளியூர்ச் சந்தையிலும் தெரியும். ரத்தம் குறைவு என்று கேட்டதும் ஆளுக்கொரு கட்டுக் கீரை கொண்டுவந்து கொடுத்தார்கள். அம்மா ரெண்டு வேளையும் அதையே ஆக்கினார். கூடவே கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கினார். கீழாநெல்லிக்கு ஆய்வுப் பெருமை உண்டு. 1988-இல் சென்னை ஆய்வாளர்கள் லான்செட் என்ற ஆங்கில மருத்துவ இதழில் எழுதினார்கள். அது ஹெபடைட்டிஸ் பி பற்றியது, அதுவும் பின்னால் மற்ற இடங்களில் செய்த சோதனைகளில் உறுதிப்படவில்லை. டாக்டர் அதை நிறுத்தச் சொன்னார். கீரையை நிறுத்தச் சொல்லவில்லை.

"இத்தனை கீரை தின்னும் ஏனுங்க சார் ஏறலை?" என்று கேட்டேன்.

அவர் பொறுமையாகச் சொன்னார். "ரத்தம்கிறது செங்கல் சுவர்னு வெச்சுக்கப்பா. கீரையில வர்ற இரும்பு மண்ணு. எலும்புக்குள்ள இருக்கிற மஜ்ஜை சூளை. உனக்கு மண்ணும் இருக்கு, சூளையும் எரியுது. நான் குடுக்கிற ரிபாவிரின் மாத்திரை சிவப்பணுவுக்குள்ள போய்ச் சேர்ந்து, கட்டின சுவரை இடிச்சுக்கிட்டே இருக்கு. சுடுறதை விட இடியறது வேகம்."

ரெண்டு வழி இருந்தது. ஹீமோகுளோபின் 10-க்குக் கீழே போனால் மாத்திரையைக் குறைக்க வேண்டும், 8.5-க்குக் கீழே போனால் நிறுத்த வேண்டும். குறைத்தால் ரத்தம் ஏறும், கிருமி தப்பிக்க வாய்ப்பும் ஏறும். அதுவும் முதல் மூணு மாசத்தில் குறைப்பது நல்லதல்ல. இன்னொரு வழி எரித்ரோபொய்ட்டின் ஊசி. நம் சிறுநீரகம் மஜ்ஜைக்கு அனுப்புகிற உத்தரவு அது. இன்னும் வேகமாகச் சுடு என்று சூளைக்குச் சொல்லும். வாரத்துக்கு மூணு தடவை, தோலுக்கடியில். "ஊசி போட ஆரம்பிச்சா மண்ணு அதிகம் வேணும், அப்போ உங்க கீரை உதவும், இரும்பு மாத்திரையும் எடுத்துக்க. ரத்த அழுத்தம் பாத்துக்கிட்டே இருக்கணும். 12-க்கு மேல ஏத்த மாட்டேன், ரத்தம் கட்டிக்கும்" என்றார். வட்டிக்காரரிடம் இன்னொரு தடவை போனேன்.

வாரம் மூணு ஊசி யார் போடுவது? கோயமுத்தூர் போய்வர ஒரு நாள் சம்பளம் போகும். பக்கத்து ஊரில் ஒரு கிளினிக்கில் கேட்டேன். என்ன வியாதி என்று சீட்டை வாங்கிப் படித்த கம்பவுண்டர் சீட்டை மேசைமேல் வைத்துவிட்டு, ஒரு அடி பின்னால் போனார். "நம்மகிட்ட இதெல்லாம் போடறதில்லீங்." சீட்டை என் கையில் கொடுக்கவில்லை. மேசையிலிருந்து நானே எடுத்துக்கொண்டேன். அவர் பயந்தது கிருமிக்கா, அந்த வளவுப் பேருக்கா? ரெண்டுக்கும் உடம்பு அசையும் விதம் ஒரே மாதிரிதான் இருக்கிறது. அந்த ஒரு அடி எனக்குச் சின்ன வயசிலிருந்து தெரிந்த அடி.

எங்க பெரியம்மாவுக்குச் சர்க்கரை. பல வருசமாகத் தானே இன்சுலின் போட்டுக்கொள்கிறவர். பள்ளிக்கூட வாசல் மிதிக்காதவர். அவரிடம் போய் உட்கார்ந்தேன். சேலையை இடுப்பில் விலக்கி, சதையைக் கிள்ளிப் பிடித்து, பேச்சை நிறுத்தாமலே குத்திக் காட்டினார்.

"எனக்கு ஊசின்னா பயம் பெரியம்மா."

"ஊசிக்கு ஆரு பயப்படறா? கைக்குத்தான் பயம். உங் கையில இருக்கிற ஊசி நீ சொன்னாத்தான் குத்தும். இது வரைக்கும் குத்துனதெல்லாம் ஆரு கை?"

மகள் மருந்துப் பெட்டியிலிருந்த காகிதத்தைப் படித்து அர்த்தம் சொன்னாள். குலுக்கக் கூடாது. உறையக் கூடாது. குளிர்ந்த இடத்திலிருந்து எடுத்ததும் போடாமல் கொஞ்ச நேரம் வெளியே வைக்க வேண்டும். ஒரே இடத்தில் குத்தாமல் இடம் மாற்ற வேண்டும். நான் கட்டிலில் உட்கார்ந்து தொடையைக் கழுவி, துடைத்து, காயவிட்டு, கிள்ளிப் பிடித்தேன். ஊசி தோலைத் தொடுகிற இடத்தில் கை நின்றுவிட்டது. ஓவர்லாக் மெஷினில் ஊசிக்கு அரை அங்குலம் பக்கத்தில் விரலை வைத்து நாள் முழுக்கத் துணியை ஓட்டுகிற கை. அது நின்றுவிட்டது. என்ன நினைத்தேனோ, புளிய மரத்தடியும் அந்த ஆள் எட்டி நின்ற நிற்பும் ஞாபகத்துக்கு வந்தது. குத்திவிட்டேன். எறும்பு கடித்த மாதிரி இருந்தது. அவ்வளவுதான். மெதுவாக அழுத்தினேன், எடுத்தேன். மகள் கைதட்டினாள். என் உடம்பில் இறங்கின ஊசிகளில் இது புதுசு, ஒருத்தருக்கும் பின்னால் வந்ததில்லை, என் முறைக்காகக் காத்திருக்கவில்லை என்று அப்போது தோன்றியது. அதற்கப்புறம் இன்டர்பெரானையும் நானே போட்டுக்கொண்டேன்.

மருந்தை வைக்க இடம் வேணுமே. 2 டிகிரியிலிருந்து 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். எங்க வீட்டில் அரசாங்கம் கொடுத்த கலர் டிவி இருந்தது. அந்தத் தேர்தலில் மிக்சியும் கிரைண்டரும் பேசினார்கள். எனக்கு அப்போது வேண்டியிருந்தது ஒரு பிரிட்ஜ். எங்கய்யன் காலம் முழுக்கப் பண்ணையம் பார்த்த தோட்டத்து வீட்டில் கேட்டேன். அந்த அம்மா கெட்டவர் இல்லை. ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஐநூறு ரூபாய் கொடுத்தார். "அதுல சாமிக்குப் பாலு வெக்கிறோம், அதான் யோசனையா இருக்குது" என்றார். சுகாதார நிலையத்தில் நர்சம்மாவிடம் கேட்டேன். தடுப்பூசிப் பெட்டியில் வேறு மருந்து வைக்க விதியில்லை என்றார். அது விதி, அதை நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுப்பு எல்லாம் ஒரே மறுப்பு இல்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

கடைசியில் எங்க வளவிலேயே கிடைத்தது. செல்போன் ரீசார்ஜ் கடை வைத்திருந்த பையனுக்குக் கூல்டிரிங்ஸ் கம்பெனி ஒரு கண்ணாடிக் கதவுப் பிரிட்ஜ் கொடுத்திருந்தது. நான் கேட்கும் முன்னாலேயே "கொண்டா மாமா" என்று ஒரு பிஸ்கட் டப்பாவைக் காலி பண்ணி நடுத்தட்டில் வைத்தான். கரண்டு போனால் கதவைத் திறக்க விடமாட்டான். கலர் சோடா கேட்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறான். ஊசி போட்டு மூணாவது வாரத்தில் ஹீமோகுளோபின் 9.6. அப்புறம் 10.9. மாத்திரையைக் குறைக்காமலே போக முடிந்தது.

அந்த மருந்தின் கதையைப் பின்னால் படித்தேன். அதை முதன்முதலில் சுத்தமாகப் பிரித்தெடுத்தது 1977-இல், அமெரிக்காவில் சிகாகோவில், கோல்ட்வாசர் என்ற விஞ்ஞானி. எதிலிருந்து தெரியுமா? ஜப்பானில் மியாகே என்ற டாக்டர், ரத்தம் ஊறாத நோயாளிகளிடமிருந்து சேர்த்த 2,550 லிட்டர் மூத்திரத்திலிருந்து. அதைக் கெட்டியாக்கி உலர்த்தி, பொட்டலமாக்கிப் பட்டுத் துணியில் கட்டிக் கொண்டுபோனார். அதிலிருந்துதான் அந்தப் புரதம் இன்னதென்று தெரிந்து, 1983-இல் அதன் மரபணு கிடைத்து, 1989-இல் மருந்தாக வந்தது. இப்போது சீன வெள்ளெலியின் சூல்பைச் செல்லில் மனித மரபணுவை வைத்து வளர்க்கிறார்கள். மூத்திரத்தைத் தொட்டவர்கள் ஒரு நாட்டில் அதைப் பட்டில் கட்டி எடுத்துப் போனார்கள். எங்கம்மா முப்பது வருசம் ஊர்க் கழிவைத் தொட்டார். கூலியைக் கையில் படாமல் கொடுத்தார்கள். படித்ததை அம்மாவுக்குச் சொன்னேன். சிரித்தார். "அப்ப நானும் பாதி டாக்டருதான் கண்ணு" என்றார்.

இந்தக் கட்டுரையை எழுத வைத்ததும் அம்மாதான். முதல் ஊசி போட்ட ராத்திரி, போட்ட ஊசியைக் காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போடப் போனேன். வாசலில் அம்மா உட்கார்ந்திருந்தார். அவர் கையைப் பார்த்தேன். அந்த விரல்களில் எத்தனை தரம் ஊசி ஏறியிருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக் குப்பையும் வீட்டுக் குப்பையும் ஒண்ணாக வரும், வெறுங்கையால் அள்ளுவார்கள். குத்தினால் சேலையில் துடைத்துக்கொண்டு அடுத்ததை அள்ளுவார்கள். மருத்துவக் கழிவைத் தனியாகப் பிரிக்க வேண்டும் என்று 1998-லேயே விதி வந்துவிட்டது. அம்மா கையுறை பார்த்ததில்லை. நான் தூக்கிப்போடும் ஊசி யார் கையில் ஏறும்? என் ரத்தம் பட்ட ஊசி, எங்க ஆள் கையில்தான். சைக்கிள்காரரை இத்தனை வருசம் திட்டிக்கொண்டிருந்த நான் அதையே செய்யப் போனேன்.

கெட்டியான பிளாஸ்டிக் டப்பா ஒன்றை எடுத்து, மூடியில் ஓட்டை போட்டு, மூடி மாட்டாமல் ஊசியை அப்படியே உள்ளே விட்டேன். அன்றிலிருந்து ஒவ்வொன்றும் அதற்குள்தான். இன்டர்பெரான் 16, இது 48. வைத்தியம் முடிந்த மாதம் டப்பாவைப் பையில் வைத்துக் கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் நர்சிடம் கொடுத்தேன். இப்படி யாரும் கொண்டுவந்ததில்லை என்றார். 2012 பிப்ரவரியில் கடைசிச் சோதனை. கிருமி இல்லை. கடன் தீர அதற்கு மேல் நாலு வருசம் ஆனது.

இப்போது அந்த வைத்தியமே மாறிவிட்டது. 2013 கடைசியில் சோபோஸ்புவிர் என்ற மாத்திரை அமெரிக்காவில் வந்தபோது ஒரு மாத்திரை ஆயிரம் டாலர். இந்தியக் கம்பெனிகள் 2015-இலிருந்து அதைச் செய்ய ஆரம்பித்ததும் விலை சரிந்தது. 2018 ஜூலை 28-இல் தொடங்கின தேசியத் திட்டத்தில் சோதனையும் மாத்திரையும் அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். பெரும்பாலான ஆட்களுக்கு 12 வாரம், ஊசி கிடையாது, ரத்தம் குறையாது. நல்ல செய்தி. ஆனால் நோய் இருப்பது தெரிந்தால்தானே மாத்திரை? எனக்குத் தெரிந்தது ரத்தம் கொடுக்கப் போனதால். எங்க வளவில் அதே புளிய மரத்தடியில் அதே ஊசியை வாங்கினவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எகிப்து 2018-19-இல் தன் மக்களில் சுமார் அஞ்சு கோடிப் பேரைச் சோதித்துக் காட்டியது. நாம் ஒரு வளவைச் சோதிக்க முடியாதா? இப்போது ஏப்ரல் 14-இல் நாங்கள் வைப்பது ரத்தப் பரிசோதனை முகாம். அம்மாவைத்தான் முதலில் உட்கார வைத்தேன். அவருக்குக் கிருமி இல்லை. அது அதிர்ஷ்டம். துப்புரவுத் தொழிலாளியின் உயிர் அதிர்ஷ்டத்தின் மேல் இருக்கக் கூடாது. கையுறையும், ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியும், பிரித்த குப்பையும் அவர்கள் கேட்டு வாங்க வேண்டிய சலுகை இல்லை.

போன மாசம் பக்கத்து வளவிலிருந்து ஒரு பையன் வந்தான். சிறுநீரகம் போய் டயாலிசிஸ் செய்கிறவன். அவனுக்கும் அதே எரித்ரோபொய்ட்டின் ஊசிதான். போட்டுவிட ஆள் இல்லை, நீங்க போடுவீங்களாமே என்று கேட்டான். போடமாட்டேன், கத்துத் தருகிறேன் என்றேன். மனைவி மூணு பேருக்கும் காப்பி கொண்டுவந்தாள். டம்ளர்கள் எல்லாம் ஒரே மாதிரி. பெரியம்மா எனக்குச் சொல்லிக் கொடுத்தது குத்துவதிலிருந்து ஆரம்பித்தது. நான் அவனுக்கு முதலில் டப்பாவைக் காட்டினேன். ஊசியைப் போட்ட பிறகு எங்கே வைப்பது என்று தெரிந்துகொண்டு, அப்புறம் எங்கே குத்துவது என்று பார்க்கலாம் என்றேன்.